அழித்த பதினாறு

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். என்ன சாப்பிட்டாய் என்றேன். அதையும் சொன்னாய். அதற்குள் இங்கே கரண்ட் போய்விட்டது, அதோடு உன் குரலும். பதில் சொல்ல முடியாத அம்மாக்களுக்கு இந்த ஊரில் மின்வெட்டு கைகொடுக்கிறது. கரண்ட் திரும்ப வந்தபோது நான் கூப்பிடவில்லை. எழுதுகிறேன். பேச்சில் நான் உன்னைச் சுலபமாக ஏமாற்றிவிடுவேன். எழுதினால் எழுதியதை நானே ஒருமுறை படிக்கவேண்டியிருக்கிறது. பக்கங்களைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். ஞாயிறு பள்ளியில் கற்ற உன் தமிழ் மெதுவாகத்தான் போகும் என்று தெரியும். மெதுவாகவே படி. அவசரப்பட்டுப் படிக்கிற கடிதம் இல்லை இது.

நீ சொன்னதை முதலில் எழுதுகிறேன், சரியாகக் கேட்டேனா என்று பார். "அம்மா, அந்த டாலா செடி மட்டும் எனக்கு வரமாட்டேங்குது. வேர் நுனிய நசுக்கிப் பாத்தா நாப்பத்தெட்டு குரோமோசோம் நிக்குது. உங்க படத்துல முப்பத்திரெண்டு. ரெண்டு செல்ல ஒண்ணா சேத்து நசுக்கிடறேன் போல. உங்க கை எனக்கு வரல." எத்தனை செல் பார்த்தாய் என்று கேட்டேன். பதினொன்று என்றாய். "பதினொண்ணுலயும் நாப்பத்தெட்டாடா?" "பதினொண்ணுலயும். அதான் சொல்றேன், என் கையிலதான் ஏதோ கோளாறு." சந்தேகமான செடியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எழுது என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். டாலா செடியின் அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிடப்போகிறாய். இரண்டு வருட வேலை அது.

உன் கையில் கோளாறு இல்லை, தம்பி. அந்தச் செடிக்கு நாற்பத்தெட்டுதான். நானும் நாற்பத்தெட்டுதான் பார்த்தேன்.

இந்த வரியை எழுத எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். இனி நிதானமாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பல்கலைக்கழகம் மூடி, திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்திருந்த காலம். எங்கள் துறையில் செடிகளின் செல்லுக்குள் எட்டிப்பார்த்து எண்ணுகிற வேலையை அதற்குமுன் யாரும் செய்ததில்லை. எல்லோரும் இலை பார்த்தார்கள், பூ பார்த்தார்கள், காயவைத்து அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதினார்கள். எனக்கு உள்ளே போகவேண்டும் என்றிருந்தது. பெரிய சயாமா சரி என்றார். எங்கள் துறைத்தலைவர் அவர், எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியை. சாயம் போட்ட விரல்நகங்களை மறைக்க எப்போதும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். நீ பார்த்ததில்லை. மழை பிடிக்கிற வாசோ மாதத்தில் பகோடாக்களுக்கு வைக்கிற அந்த மஞ்சள் காட்டு இஞ்சிப்பூ, பதெய்ன் ங்கோ, தட்டான் அழுத பூ, அதை எடுத்துக்கொள் என்றார். அவ்வளவு நுணுக்கமாகத் தன்னால் பொன்னில் செய்யமுடியவில்லை என்று தட்டான் அழுதானாம். நான் அழப்போவது வேறு காரணத்துக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

செடிக்காக டாலாவுக்குப் போனேன். படகில் ஆற்றின் அக்கரை, அங்கிருந்து சைக்கார் ரிக்ஷா, பிறகு சேற்றில் நடை. சைக்கார் மிதித்தவர் வழியெல்லாம் என்னைக் கேலி செய்தார். வேர் பிடுங்க ஒரு படிப்பா, எங்கள் வீட்டு எருமை படிக்காமலே பிடுங்குமே என்று. பூ விற்கிற செல்லம்மா அக்காவின் தோட்டம் அங்கேதான் இருந்தது. அக்கா மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "தங்கச்சி, இது வெத போடாது தெரியுமா? மத்ததெல்லாம் போடுது. இது மட்டும் கழுத்துல குட்டி கட்டும். குட்டி உதுந்து மொளைக்கும். எங்க அம்மா காலத்துலேந்து ஒரு வெத நான் பாத்ததில்ல. ஏன்னு படிச்ச புள்ள நீ கேட்டுச் சொல்லு." கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் அதை நம்பினாள். ஈரச்சாக்கில் செடியைக் கட்டிக் கொடுத்தாள்.

வேலை உனக்குத் தெரியும். ஆனால் என் காலத்தில் அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. காலை வெயில் ஏறுவதற்குமுன் வேர் நுனியை வெட்டவேண்டும், அப்போதுதான் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். மருந்தில் போடவேண்டும். அமிலத்தில் சூடு காட்டவேண்டும். சாயம். பிறகு கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய மூடுகண்ணாடியைப் போட்டு, மேலே உறிஞ்சுதாளை வைத்துப் பெருவிரலால் ஓர் அழுத்து. நேராக. விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எல்லாம் உருண்டு பாழ். நல்ல நாளில் ஒரு செல் அப்படியே தட்டையாக விரிந்து கிடக்கும், உள்ளே குரோமோசோம்கள் ஒன்றையொன்று தொடாமல், பாய் விரித்துப் படுத்த பிள்ளைகள் மாதிரி. மின்சார விளக்கை நம்பமுடியாது. ஆகவே கீழே வளைந்த கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கி, ஜன்னல் வெளிச்சம். மேகம் வந்தால் செல் இருண்டுவிடும். மேகம் போகும்வரை கண்ணை எடுக்காமல் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்புகளுக்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான நேரம் இல்லை.

படம் வரைவதற்கு நுண்ணோக்கியின் மேல் ஒரு சிறு கண்ணாடிக் கருவி மாட்டுவோம். ஒரே பார்வையில் செல்லும் தெரியும், பக்கத்தில் வைத்த காகிதமும் என் பென்சில் நுனியும் தெரியும். காகிதத்தின்மேலேயே செல் கிடப்பது போல இருக்கும். அதன்மேல் பென்சிலை நடத்தவேண்டியதுதான். திறமை வேண்டியதில்லை. பொய் சொல்லவும் இடமில்லை. பென்சில் நாற்பத்தெட்டை வரைந்தது. வேறொரு செல், நாற்பத்தெட்டு. ஐந்து செல்லில் பார்த்தேன். ஐந்திலும்.

அன்று பெரிய சயாமா என் மேசைப்பக்கம் வந்தார். "எத்தனை?" என்று பர்மீயில் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். "இதன் சொந்தக்காரச் செடிகளுக்கு எல்லாம் முப்பத்திரண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. முப்பத்திரண்டு வந்தால் உன் வேலை முடிந்தது. வேறு ஏதாவது வந்தால் உன் வேலை இப்போதுதான் ஆரம்பம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் இரண்டாவதற்குத்தான் ஆசைப்பட்டார். அது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அன்று முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வேலை முடிந்தது.

காரணங்கள் இருந்தன. துறையில் செய்முறை ஆசிரியர் இடம் ஒன்றுதான் காலி. மழைக்காலம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தவருக்குத்தான் அது. நாற்பத்தெட்டு என்று எழுதினால் இன்னொரு மழைக்காலம், வேறு தோட்டங்கள், வேறு வேர்கள், அதற்குள் பல்கலைக்கழகம் மறுபடி மூடலாம். என் அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இதையெல்லாம் உனக்குக் காரணமாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அதைவிடச் சின்னது. எனக்கு முடிக்கவேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான். இரண்டு செல் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று நீ போனில் சொன்ன அதே வாக்கியம், கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். நீ அதை நம்பிச் சொன்னாய். நான் நம்பாமல் சொன்னேன். வித்தியாசம் அதுதான்.

எதை அழிப்பது என்று யோசித்தேன். இது உனக்குத் தெரியவேண்டும். பதினாறை அழிக்கவேண்டும். எந்தப் பதினாறு? ஓரத்தில் கிடந்தவற்றை எடுத்தேன். நடுவில் இருந்தவை நன்றாக விரிந்திருந்தன, அவற்றை அழிக்க மனம் வரவில்லை. அழகு பார்த்து அழித்தேன் என்று சொல். மீதி முப்பத்திரண்டின்மேல் மை ஏற்றினேன். பெரிய சயாமாவிடம் காட்டினேன். "உனக்கு நிச்சயமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நிச்சயம் என்றேன். கையெழுத்துப் போட்டார். வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருடம் பார்த்த அந்த வேலைதான் உனக்குப் பால் வாங்கியது, பள்ளிச் சட்டை வாங்கியது. செல்லம்மா அக்காவின் கேள்விக்கு பதில் அந்த அழித்த பதினாறில்தான் இருந்தது. பதினாறு பதினாறாக மூன்று கட்டு. இரண்டு கட்டாக இருந்தால் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து விதை உண்டாகும். மூன்றாவது கட்டுக்கு ஜோடி கிடையாது. அதனால்தான் விதை இல்லை, கழுத்தில் குட்டி. அக்காவுக்கு அது தெரியாமலே போய்விட்டது. இப்போது அவள் மகளின் தோட்டம். உன்னை அங்கே கூட்டிப்போனபோது அந்தப் பெண் அவளுடைய அம்மாவைப் போலவே கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? நீ என்னைப் பார்த்தாய். நான் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தேன்.

உன் அப்பாவுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவரை ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொல்லி நுண்ணோக்கியைக் காட்டினேன். துறைமுகத்தில் சரக்கு பார்க்கிறவர், கப்பலுக்குக் குறைந்த எதையும் பார்த்துப் பழக்கமில்லை. குனிந்தார். "ஆகா, சிலந்திக் கால் தெரியுது!" "அது உங்க கண்ணு மயிருங்க." மறுபடி குனிந்தார். "இப்ப ஒரு கறுப்பு வளையம். இதுதான் செல்லா?" "அது காத்துக் குமிழி." "அப்ப செல்லு எங்கதான் இருக்கு?" "குமிழிக்குப் பக்கத்துல." "எனக்குக் குமிழியே போதும், நல்லா வட்டமா இருக்கு" என்றார். அப்படிப்பட்டவர்தான் என் படத்தைக் கீழ்நகரத்துக் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். கடைக்காரரின் சுவரில் புத்தரும் ஏசுவும் முருகனும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்களாம். என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சாமிங்க?" என்று கேட்டாராம். "எங்க வீட்டுச் சாமி" என்று சொன்னாராம் உன் அப்பா. இதை எத்தனை விருந்தாளிகளிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் தேநீர் எடுக்க எழுந்து போய்விடுவேன். ஒரு நாள் கேட்டார், "எல்லாருக்கும் காட்டறேன், நீ மட்டும் அந்தப் படத்த ஏறெடுத்தும் பாக்கறதில்லையே?" "எனக்கு மனப்பாடம்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு அவருக்கு நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை. பெரும்பாலும் நன்றிதான்.

பிறகு நீ வந்தாய். மூன்று வயதில் நாற்காலிமேல் ஏறி அந்தப் படத்தில் விரல் வைத்துத்தான் எண்ணக் கற்றுக்கொண்டாய். பத்து வரை தமிழ், அதற்குமேல் பர்மீ, முப்பத்திரண்டாவதில் கைதட்டல். பாலர் வகுப்பு சயாமா சீட்டு எழுதி அனுப்பினார்: குழந்தை முப்பத்திரண்டுக்குமேல் எண்ண மறுக்கிறான், கேட்டால் முடிந்துவிட்டது என்கிறான். உன் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்கம்மா வரைஞ்ச அளவுதான்டா ஒலகத்துல எண்ணு" என்று உன்னைத் தூக்கிச் சுற்றினார். நான் சமையலறையில் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு குழந்தைக்கு எண்கள் எங்கே முடிகின்றன என்று நான் தீர்மானித்துவிட்டது மாதிரி இருந்தது. முப்பத்துமூன்றை உனக்குப் படிக்கட்டில் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். சுவருக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நீ மறந்திருக்கமாட்டாய். ஒன்பதாம் வகுப்பில் வெங்காயத் தோலைப் பார்த்து வரையச்சொன்னார்கள். வகுப்பே செங்கல் சுவர் மாதிரி வரைந்தது. நீ மட்டும் கோணலும் மாணலுமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய, ஓரம் கிழிந்த செல்களை வரைந்தாய். ஒரு மூலையில் காற்றுக் குமிழியைக்கூட வரைந்து, பக்கத்தில் "குமிழி" என்று எழுதியிருந்தாய். மதிப்பெண் பாதிகூட இல்லை. "அம்மா, நான் பாத்தது அப்படித்தான் இருந்துச்சு" என்றாய். நான் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்குத் தெரியும் அது எவ்வளவு சரியான படம் என்று. அந்தப் படத்தைப் பார்த்தபோது உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, அதற்குப் பின்னாலேயே ஒரு பயமும் வந்தது. "புத்தகத்துல இருக்கிற மாதிரி வரைடா, மார்க்க வாங்கிட்டு வா" என்று சொல்லி ஸ்கேலை எடுத்து நீட்டினேன். நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு ஸ்கேலை வைத்து வரைந்தாய். நீ சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. நேற்று பதினோரு செல்லை நம்பாமல் என் ஒரு படத்தை நம்பினாயே, அந்தப் பழக்கத்தை யார் உனக்குக் கொடுத்தது என்று நேற்றுவரை நான் யோசிக்கவில்லை.

முதல் நாள் வகுப்பில் மாணவர்களுக்கு எப்போதும் ஒரு கதை சொல்வேன். செல்லுக்குள் ஒரு பொட்டு இருப்பதை ஆர்க்கிட் இலையில் பார்த்து, அதற்குப் பெயர் வைத்த பழைய காலத்துத் தாவரவியலாளர் ஒருவர். சின்ன லென்ஸ், பொறுமை, வேறு பெரிய வசதி இல்லை. அவர் அதைப்பற்றி எழுதும்போது, இதை எனக்கு முன்பே இன்னொருவர் வரைந்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே எழுதினார். எனக்கு அவரிடம் பிடித்தது பொட்டு இல்லை, அந்தச் சின்ன ஒப்புதல். இருபத்தெட்டு வருடம் அந்தக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். சயாமாவுக்கு விஞ்ஞானத்தின்மேல் எவ்வளவு பக்தி என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

உனக்கு நான் நன்றி சொல்லவேண்டும், தம்பி. எந்த அம்மாவும் மகனுக்கு இதற்காக நன்றி சொல்லியிருக்கமாட்டாள். நீ இதே வேலையைத்தான் படிப்பேன் என்றபோது நான் தடுத்தேன். கம்ப்யூட்டர் படி, கப்பல் படி என்றேன். உன் எதிர்காலத்துக்காக என்று நீ நினைத்தாய். பாதி அதற்காக. பாதி, நீ ஒரு நாள் குனிந்து பார்த்து எண்ணிவிடுவாய் என்பதற்காக. நீ கேட்கவில்லை. டாலாவில் மழையில் நின்று வேர் வெட்டினாய். மிங்கலாடோனில் விமான நிலையத்து அதிகாரி உன் பெட்டியிலிருந்த சிறு குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சாராயமா? குடிக்கிறதுக்கா?" என்று கேட்டார். "வேர் இருக்கு ஊலே, குடிச்சா இஞ்சி வாசம் வரும்" என்று மாமா முறை வைத்துச் சொன்னாய். அவர் சிரித்துவிட்டார், அனுப்பிவிட்டார். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று நானும் சிரித்தேன். அவர் அந்தக் குப்பிகளைப் பிடுங்கி வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சியாங் மாயிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடுகிறாய். என் மூட்டுவலியைக் கேட்கிறாய். உன் கண்ணைவிட என் கையை நம்புகிறாய். கடைசியாகச் சொன்னதைத் தவிர எல்லாவற்றுக்கும் நன்றி. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் இன்றோடு நிறுத்திவிடு.

இன்று காலை படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தரிக்கோலால் நெம்பினேன். மூன்று துருப்பிடித்து உடைந்தன. காகிதத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். அழிப்பான் கறுப்பைத்தான் எடுக்கும், அழுத்தத்தை எடுக்காது. பதினாறும் அங்கேதான் இருக்கின்றன. ஓரத்தில், வெள்ளையாக, பள்ளமாக. விரலால் தடவினால்கூடத் தெரிகிறது. எண்ணினேன். நான்கு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நான்காவதில்தான் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது. உன் பதினோரு செல்களோடு வைத்துப் பார். நீளமான இரண்டு, கொக்கி மாதிரி வளைந்த ஒன்று, அவை உன்னுடையவற்றிலும் மும்மூன்றாக இருக்கவேண்டும்.

பிறகு நேரே பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். என் ஆய்வேட்டைக் கேட்டேன். உன் வயதுப் பெண் ஒருத்தி, கன்னத்தில் தனாக்காப் பட்டைச் சாந்து, கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தைத் திறந்து, பேனாவைத் திறந்ததும் ஓடி வந்தாள். "சயாமா, சயாமா! புத்தகத்துல எழுதக்கூடாது." "நான் எழுதின புத்தகம்தானம்மா." "எழுதினது நீங்க. இருக்கிறது எங்ககிட்ட." "ஒரே ஒரு வரி." "ஒரு வரின்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. கீழ போய்ப் பாருங்க, ஓரமெல்லாம் காதல் கடிதம்." "இது காதல் இல்ல. தப்புன்னு எழுதணும்." "யாரோட தப்பு?" "என்னோடது." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வருடம் கழித்து ஒரு கிழவி தன் தவறைத் தேடிக்கொண்டு வெயிலில் வருவாள் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். பிறகு அலமாரியைக் குடைந்து ஒரு திருத்தச் சீட்டைக் கொண்டுவந்தாள். இதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒட்டலாம், அதற்கு விதி இருக்கிறது என்றாள். பசையை அவளே தடவினாள். கோணலாக ஒட்டிவிட்டு, "பரவாயில்லையா சயாமா?" என்று கேட்டாள். மிகவும் நன்றாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை. கடைசிப் பக்கத்தில் இந்த ஏட்டை எடுத்துப் படித்தவர்களின் பெயர் இருந்தது. மூன்றே பேர். முதல் ஆள் நானே. இரண்டாவது என் மாணவி. மூன்றாவது நீ. ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வாரம். என்னிடம் சொல்லவே இல்லையே.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. உன் பேராசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவருக்குத் தமிழ் தெரியாது, நீ மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். சொல்லும்போது எதையும் மென்மையாக்காதே. நான் தவறுதலாக எண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போட்டு என்னைக் காப்பாற்றிவிடாதே, அது உனக்கு வரும், உன் அப்பாவின் பிள்ளை நீ. நான் சரியாக எண்ணினேன். தவறாக வரைந்தேன். அவர் இன்னும் சந்தேகப்பட்டால் என்னைக் கூப்பிடச்சொல். கரண்ட் இருந்தால் எடுப்பேன், இல்லாவிட்டால் கீழ்வீட்டு மா கின்னின் போனுக்கு அடியுங்கள், அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அத்தியாயத்தை எடுக்காதே. அதில் நாற்பத்தெட்டு என்று எழுது. இதற்கு முன் வந்த எண் தவறு என்று எழுது. என் பெயரை முழுசாகப் போடு. அந்த இடத்தில் அம்மா என்று நினைத்துப் பேனாவை நிறுத்தாதே. இரண்டு பேர் பார்த்தார்கள் என்று எழுது, தம்பி. ஒருத்தி அழித்தாள் என்றும் எழுது.